ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

ஃப்ளாப்பியின் வெள்ளித் தகட்டை நகர்த்தி உள்ளே ஊதிப் பார்த்தவர்கள், மானிட்டருக்கு அம்மா தைத்துக் கொடுத்த உறையை மாட்டியவர்கள், கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர்கள், இது உங்களுக்கு. நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு ஃப்ளாப்பி என்பது சேமிக்கும் பொத்தானில் இருக்கும் ஒரு சின்னப் படம். அதை நினைத்து ஏங்க நான் வரவில்லை. கோபமாக இருக்கிறேன். நிதானமாகத்தான் எழுதுவேன், அது என் சுபாவம். அதனால் கோபம் குறைவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. எட்டாம் வகுப்பில், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேன். தலைப்பு: என் ஆட்டத்தை அழித்தவர்கள். முதல் பெயர் அம்மா. இரண்டாவது இன்ஸ்டிட்யூட் இன்சார்ஜ். மூன்றாவது பேகம்பேட் சார். நோட்டு தொலைந்துவிட்டது. பட்டியல் போன வருடம் வரை அப்படியே மனதில் இருந்தது.

எங்கள் வீடு மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். தாத்தா காலத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த குடும்பம். வீட்டுக்குள் ஜோலார்பேட்டைத் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கும் தக்கனி இந்தியும். அப்பா யார்டில் ஷண்டிங் மாஸ்டர். வந்து நிற்கும் சரக்கு வேகன்களைப் பிரித்து, எந்த வேகன் எந்த ஊருக்கோ அந்த வரிசையில் சேர்ப்பது அவர் வேலை. மதிய நேரங்களில் சன்னல் வழியே அந்தச் சத்தம் கேட்கும். உருண்டு வரும் வேகன் நிற்கும் வேகனை முட்ட, அந்த இடி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி வரிசையின் கடைசி வரை ஓடும். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் லேசாக அதிரும்.

ஒரு நாள் சாப்பிடும்போது, வேகனை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேட்டேன். அம்மா முறத்தில் உரித்து வைத்திருந்த பூண்டுப் பற்களை எடுத்துத் தரையில் அடுக்கினார் அப்பா.

"இன்ஜின் பின்னாலேர்ந்து தள்ளும். தள்ளி வுட்டதும் வண்டி தானா உருண்டுகினு போவும். பாயிண்ட்ஸ்மேன் லீவர இப்படித் திருப்புனா ஒண்ணாம் லைனு, அப்படித் திருப்புனா ரெண்டாம் லைனு. ஒரு செகண்டு அசந்தா குண்டூர் போற வண்டி நாந்தேட் லைன்ல போயி நிக்கும்."

"எல்லா வண்டியையும் தள்ளி விட்டுடுவாங்களாப்பா?"

"எண்ணெய் டேங்கு வண்டி மேல வெள்ளை பெயிண்டுல எழுதியிருக்கும் பாரு, தள்ளி வுடாதேன்னு. அத்த வுட்டா அவ்ளோதான், யார்டே எரியும். இன்ஜினே கூடப் போயி மெதுவா சேத்துட்டு வரணும். அதுவரைக்கும் மத்ததெல்லாம் காத்துகினு நிக்கும்."

சொல்லிக்கொண்டே ஒரு பூண்டுப் பல்லை ஆள்காட்டி விரலால் அணைத்து, மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் வைத்தார். எனக்கு ஆட்டம் தோன்றியது அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்த போதுதான்.

ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கேரம் பலகைகளும் டேபிள் டென்னிஸ் மேசையும் இருந்த கூடத்துக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் அறை உண்டு. நான்கு கம்ப்யூட்டர்கள், மூன்று வேலை செய்யும். ஃபினாயில் வாசனையும் சூடான தூசியின் வாசனையும் கலந்து இருக்கும். மானிட்டரை அணைத்ததும் கண்ணாடிக்கு அருகே கையை நீட்டினால் கை ரோமம் எழுந்து நிற்கும். இன்சார்ஜ் சுவரில் விதிகளை எழுதி ஒட்டியிருந்தார். செருப்பு கூடாது, பலகாரம் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. நான்காவது விதிதான் இந்தக் கதைக்கு முக்கியம்: எதையும் கம்ப்யூட்டரில் வைக்கக் கூடாது. பையன்கள் கார் ரேஸ் கொண்டுவந்து நிரப்புகிறார்கள் என்று, சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் அழித்துவிடுவார். அவரவர் பொருள் அவரவர் ஃப்ளாப்பியில்.

என்னிடம் ஒரு ஃப்ளாப்பி இருந்தது. நீல நிறம். லேபிளில் பென்சிலால் ‘யார்ட்’ என்று எழுதியிருந்தேன்.

பள்ளியில் சொல்லிக்கொடுத்த க்யூபேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியை வைத்து, அந்த ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஆட்டத்தை எழுதினேன். திரையின் மேலிருந்து வேகன்கள் ஒவ்வொன்றாக இறங்கும். நான்கு நிறங்கள், கீழே நான்கு லைன்கள். வேகன் இறங்கி வருவதற்குள் அம்பு விசையால் பாயிண்டைத் திருப்ப வேண்டும். ஒரே நிறம் ஐந்து சேர்ந்தால் அந்த ரயில் புறப்பட்டுப் போய்விடும், லைன் காலியாகும். வேறு நிறம் நடுவில் புகுந்தால் லைன் அடைபடும். இவ்வளவுதான் என்றால் கடையில் கிடைக்கிற எந்த ஆட்டமும் இப்படித்தான் இருக்கும். என்னுடையதில் டேங்க் வண்டி இருந்தது. வெள்ளைக் கோடு போட்ட வேகன் வந்தால் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தபடி அதை மெதுவாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். விரலை எடுத்தால் ஆட்டம் முடிந்தது. அது போய்ச் சேரும் வரை மேலே மற்ற வேகன்கள் குவிந்துகொண்டே இருக்கும். கை பறக்கும், ஆனால் பறக்கக் கூடாது.

ப்ரோக்ராமை எழுதி முடித்தது ஆகஸ்டில். அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான வேலை. வேகத்தைக் குறைக்க எனக்கு ஒரே வழிதான் தெரியும்: கம்ப்யூட்டரை ஒன்றும் செய்யாமல் ஏதோ ஓர் எண் வரை எண்ணிக்கொண்டிருக்கச் சொல்வது. எண் பெரிதானால் வேகன் மெதுவாக இறங்கும். இருபது கட்டங்களுக்கு இருபது எண்கள் வேண்டும். எந்த எண்ணில் சலிப்பு வருகிறது, எந்த எண்ணில் கை வியர்க்கிறது, எந்த எண்ணில் தோற்ற உடனே ‘இன்னும் ஒரு தடவை’ என்று தோன்றுகிறது? இதற்குச் சூத்திரம் கிடையாது. ஆடிப் பார்க்க வேண்டும். எண்ணை மாற்ற வேண்டும். மறுபடி ஆட வேண்டும். பதினொன்றாம் கட்டத்துக்கு மட்டும் ஒரு வாரம் ஆயிற்று. அங்கே கொஞ்சம் மூச்சு விடக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. என் விரல்கள் சொல்லின.

பார்த்தவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? ஒரு பெண் தினமும் ஒரு மணி நேரம் கேம் ஆடுகிறாள்.

டியூட்டி முடிந்து, சுருட்டிய பச்சை, சிவப்புக் கொடிகளைக் கக்கத்தில் இடுக்கியபடி அப்பா சில நாள் என்னை அழைத்துப்போக வருவார்.

"இன்னாம்மா, எப்ப வந்து பாத்தாலும் ஆட்டம்தானா?"

"டெஸ்டிங்ப்பா."

"ஆமா, நாங்ககூட டெஸ்டிங்குதான் பண்றோம், சீட்டுக்கட்டுல."

இன்சார்ஜுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சிரிக்க வேண்டிய இடம் தெரியும். "ஹவ் சாப், தும்ஹாரி பேட்டி தின் பர் கேல்தீச் ரஹ்தி" என்று சேர்ந்துகொள்வார். நாள் பூராவும் விளையாடிக்கொண்டே இருக்கிறாளாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று விதி போட்டவரே சொல்கிறார்.

அப்பா ஒரு தடவைகூடத் திரையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தன் யார்டை அங்கே பார்த்திருப்பார். முழுதாக முடித்த பிறகு ஒரே தடவையாகக் காட்டலாம் என்று நானும் அவரைக் கூப்பிடவில்லை. இதையும் என் கணக்கில் ஒரு தவறாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் இன்சார்ஜ் ஓர் அறிவிப்பு ஒட்டினார். பேகம்பேட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஒரு சார், தசரா விடுமுறைக்குப் பிறகு வருகிறார். பிள்ளைகள் செய்த ப்ரோக்ராம்களைப் பார்த்து இரண்டு பேரைத் தன் சனிக்கிழமை வகுப்புக்கு எடுத்துக்கொள்வார். மூன்று பேர் பெயர் கொடுத்தோம். எனக்கு அந்த வகுப்பு வேண்டும். அதற்கு முன்பும் பின்பும் எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

அப்பாவிடம் இன்னொரு ஃப்ளாப்பி கேட்டேன்.

"ஒண்ணு இருக்குல்ல?"

"அது கெட்டுப் போயிட்டா?"

"ஏன் கெடப்போவுது? பத்திரமா வெச்சுக்கோ."

டியூட்டிக்குப் போகும்போது கைவிளக்குக்கு இரண்டு செட் பேட்டரி எடுத்துப் போகிறவர் அவர். ஒன்று நின்றுபோனால் என்ன செய்வது என்று கேட்பார்.

சரஸ்வதி பூஜையன்று அம்மா என்னைச் சந்துக் கடைக்கு இன்னும் கொஞ்சம் பூ வாங்க அனுப்பினாள். திரும்பி வந்தபோது கூடத்தில் பூஜைக்கு எல்லாம் தயாராக இருந்தது. மணைப்பலகையில் பட்டுத்துணி விரித்து, அதன்மேல் அப்பாவின் கைவிளக்கு, கொடிகள், விசில், ரயில்வே விதிப் புத்தகம். பக்கத்தில் அரிவாள்மனையும் கத்தரிக்கோலும். இன்னொரு பக்கம் என் பாடப்புத்தகங்கள் அடுக்காக. அடுக்கின் உச்சியில் என் நீல ஃப்ளாப்பி. அதன் வெள்ளித் தகட்டின் நட்டநடுவில் கெட்டியாகச் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தத் தகடு நகர்ந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய வட்டு வெளியே தெரியும். ஃப்ளாப்பியில் ஈரம் படக் கூடாத ஒரே இடம் அதுதான். அம்மா கண்ணுக்கு அது மட்டும்தான் பளபளப்பாக இருந்திருக்கும், குத்துவிளக்கு மாதிரி.

"அம்மா! அதை எடுக்கணும்மா. இப்பவே துடைக்கணும்."

"கைய வெக்காதடி. பொட்டு வெச்சாச்சு. நாளைக்கு மறுபூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும்."

"உள்ள போயிடும்மா!"

"சாமிகிட்ட வெச்சது கெட்டுப் போவாது."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அப்பா அறையிலிருந்து வந்தார். "இருக்கட்டும் வுடு. ஒரு நாளாவது ஆட்டம் இல்லாம இரு."

அன்று பகல் முழுவதும் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பொரியும் கடலையும் தட்டில் அப்படியே இருந்தன. சந்தனம் ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது. பிறகு நடுவில் வெடித்தது. மாலையில் அம்மா கற்பூரம் காட்டியபோது அதிலிருந்து ஒரு சின்னப் பொருக்கு உதிர்ந்து தகட்டின் விளிம்பில் நின்றது. கையெட்டும் தூரத்தில்தான் இருந்தேன். தொடவில்லை. நான் சொன்ன பேச்சைக் கேட்கும் பெண்.

மறுநாள் பூஜை முடிந்ததும் பஞ்சை வைத்துத் துடைத்தேன். தகட்டை நகர்த்தி ஊதினேன். பஞ்சில் மஞ்சள் வந்துகொண்டே இருந்தது. விடுமுறை என்பதால் இன்ஸ்டிட்யூட் பூட்டியிருந்தது, போட்டுப் பார்க்க வேறு இடம் கிடையாது.

பேகம்பேட் சார் வந்த அன்று முதலில் என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். ஃப்ளாப்பியை உள்ளே தள்ளினேன். வழக்கமாக வரும் மெல்லிய முனகல் வரவில்லை. சோற்றில் கல் கடிபடுவது போல ஒரு சத்தம், நின்று நின்று மூன்று தடவை. திரையில் அந்த வாக்கியம் வந்தது. நீங்கள் எல்லோரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள்: அபார்ட், ரீட்ரை, ஃபெயில்? நான் ரீட்ரை அழுத்தினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. எண்ணாமல் விட்டது அபூர்வம்.

இன்சார்ஜ் ஃப்ளாப்பியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓரத்தில் குங்குமம். "அரே மா, ஃப்ளாப்பி கூ பொட்டு கைக்கு லகாயே?" எதற்குப் பொட்டு வைத்தாய் என்கிறார். அறையே சிரித்தது.

"சரஸ்வதி வைரஸ்!" என்றார் சார். இன்னும் பெரிய சிரிப்பு.

ஆட்டத்தை வாயால் விளக்க முயன்றேன். டேங்க் வண்டி வரை வருவதற்குள் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மாட்டலு காது அம்மா, ரன் அவ்வாலி." பேச்சு வேண்டாம், ஓட வேண்டும். என்னிடம் இருந்த நோட்டில் ஜூலை மாதத்து வடிவம்தான் எழுதியிருந்தது. டேங்க் வண்டியும் இல்லை, எண்களும் இல்லை. அதைத் தட்டச்சு செய்ய நேரமும் இல்லை.

வாய்ப்பாடு காட்டும் ப்ரோக்ராம் எழுதிய பையனும், தேசியக் கொடி வரைந்த பையனும் பேகம்பேட் வகுப்புக்குப் போனார்கள். அந்தக் கொடியின் சக்கரத்துக்கு ஆரங்கள்கூட இல்லை, வெறும் வட்டம். டிரைவைக் கெடுத்துவிட்டதாகச் சொல்லி, மார்ச் வரை நான் கம்ப்யூட்டர் அறைக்குள் வரக் கூடாது என்றார் இன்சார்ஜ்.

மாலையில் அழுதுகொண்டிருந்தேன். அப்பா விவரம் கேட்டார். அம்மா சொன்னாள். அவர் என் தலையைத் தடவி, ஆறுதலாகத்தான் சொன்னார்:

"ஆட்டம்தானே போச்சு, படிப்பா போச்சு? வுடு."

அதட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் அம்மாவோடு பேசவில்லை. தமிழில் கேட்டால் பேசியதாகிவிடும் என்று, சுவரைப் பார்த்து "பானி" என்பேன், "அன்னம்" என்பேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று அவள் கேட்டால் "நக்கோ", வேண்டாம். அம்மா தண்ணீர் வைத்தாள், சோறு வைத்தாள், ஃப்ளாப்பி பேச்சை மட்டும் எடுக்கவில்லை. குற்றம் செய்தவள், அதனால்தான் எடுக்கவில்லை என்று முடிவு கட்டினேன்.

நான் பிறகு இன்ஜினியரிங் படித்தேன், இப்போது ஃபோனில் ஆடும் புதிர் ஆட்டங்கள் செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். ஆகவே எல்லாம் நல்லபடி முடிந்தது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் ஆடிப் பார்ப்பதற்கென்றே ஆறு பேர் இருக்கிறார்கள். காலையில் வந்து மாலை வரை ஆடுகிறார்கள். எங்கே சலிக்கிறது, எங்கே கை வியர்க்கிறது என்று குறித்துக் கொடுக்கிறார்கள். அது வேலை. அதற்குப் பதவிப் பெயரும் அடையாள அட்டையும் உண்டு. அவர்களைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு நாளும் எனக்குள் ஏதோ பல்லைக் கடிக்கிறது.

இரண்டு வருடம் முன்பு ‘யார்ட்’டைத் திரும்ப எழுதினேன். இரண்டே நாளில் முடிந்தது. டேங்க் வண்டி வந்தது, வெள்ளைக் கோடு வந்தது. எண்கள் வரவில்லை. அந்த அறையின் மந்தமான இயந்திரத்துக்காகப் போட்ட எண்கள் இன்றைய கம்ப்யூட்டரில் செல்லாது, எனக்கும் தெரியும். அவற்றுக்கு இடையில் இருந்த ஏற்றமும் இறக்கமும்தான் எனக்கு வேண்டும். அதைப் பதின்மூன்று வயது விரல்கள் ஒரு மழைக்காலம் முழுவதும் ஆடிக் கண்டுபிடித்தன. எது விளையாட்டு என்று ஒதுக்கப்பட்டதோ அதுதான் தொலைந்த பொருள். மற்றதெல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது.

போன வருடம் சரஸ்வதி பூஜைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா ஓய்வு பெற்ற பிறகு மெட்டுகுடாவிலேயே ஒரு சந்தில் இருக்கிறார்கள். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"உன் லேப்டாப்பக் குடுடி. வெக்கணும்."

மூடி மார்போடு அணைத்துக்கொண்டேன். அம்மா சிரித்தாள்.

"மூடி மேலதான் வெப்பேன். இன்னும் அந்தக் கோவம் போவலையா உனுக்கு?"

"இல்லை."

"அன்னிக்கு நான் வெறும பூதான் வெச்சேன் அதுக்கு. புஸ்தகத்து மேல வெச்சேன். உங்கப்பா வந்து, விளையாட்டு சாமானுக்கு எதுக்குப் பூஜைன்னு எடுத்து டிவி மேல போட்டாரு. நான் மறுபடியும் எடுத்தாந்து வெச்சேன். மறுபடியும் எடுத்துப் போட்டாரு. புள்ள நாலு மாசமா அதையேதான் எழுதிகினு இருக்குது, அது எப்படி விளையாட்டாவும்? அப்புறம்தான் பொட்டு வெச்சேன். பொட்டு வெச்சா எடுக்க மாட்டாரு இல்ல?"

"ஏம்மா அப்பவே சொல்லலை?"

"நீ எங்க எங்கிட்ட பேசுன?"

நான் தொழில் தெரிந்தவள். முதலில் ஓடிய எண்ணம் அம்மாவைப் பற்றியது அல்ல, அதைச் சொல்ல அவமானமாக இருக்கிறது: பழைய டிவி, பெரிய ஸ்பீக்கர், உள்ளே காந்தம். காந்தத்தின் மேல் இரண்டு தடவை கிடந்த ஃப்ளாப்பி சந்தனம் படும் முன்பே அழிந்திருக்கலாம். சந்தனமா, காந்தமா என்று இனிச் சோதிக்க முடியாது. இரண்டில் எதுவானாலும் அதற்குப் பின்னால் இருப்பது ஒரே கை. பூண்டுப் பல்லை அணைத்துத் தள்ளிக்கொண்டு போன அதே கை. என் பட்டியலில் அந்தக் கைக்கு உரியவர் பெயரே இல்லை. முதல் இடத்தில் இருபது வருடமாக அம்மா.

அப்பா சோபாவில் இருந்தார். ஃபோனில் கலர் கலராக உருண்டைகள் விழும் ஆட்டம். ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் மணிக்கணக்கில் அதுதான். நாங்கள் செய்ததுகூட இல்லை, எங்கள் போட்டிக் கம்பெனி செய்தது.

"அப்பா, என் ஃப்ளாப்பியை பூஜையிலிருந்து எடுத்து டிவி மேல போட்டீங்களா?"

"எந்த ஃப்ளாப்பிம்மா?" தலை நிமிரவில்லை. கட்டைவிரல் பறந்துகொண்டிருந்தது.

"நான் எட்டாவது படிக்கும்போது. நீலக் கலர்."

"தெர்லையேம்மா. அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்குது? இரு இரு, பேசாத, நூத்திப் பன்னெண்டாவது லெவலு."

நான் குனிந்து அவர் கையிலிருந்து ஃபோனை எடுத்தேன்.

"ஏய்! இன்னாடி பண்ற? போயிடும்டி!"

கூடத்துக்குக் கொண்டுபோய், என் லேப்டாப்பைப் பூஜைப் பலகையில் வைத்து, அதன் மேல் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். அம்மாவின் கிண்ணத்திலிருந்து ஒரு விரல் சந்தனம் எடுத்தேன். கேமராவில் படாமல், சார்ஜ் போடும் ஓட்டையின் பக்கமே போகாமல், பின்பக்க உறையின் நடுவில் வைத்தேன். அதன்மேல் குங்குமம்.

"ஒரு நாள்தானேப்பா" என்றேன்.

அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். அப்பா பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய் சோபாவில் உட்கார்ந்தார். எடுக்க மாட்டார். அன்று பொரி சாப்பிட்டார், பேப்பரை இரண்டு தடவை படித்தார், வாசலுக்குப் போய் வந்தார். மதியம் நான் தாண்டிப் போகும்போது பார்த்தேன். கண் மூடியிருந்தது. தொடைமேல் கிடந்த கையில் கட்டைவிரல் மட்டும் இடமும் வலமும் அசைந்துகொண்டே இருந்தது.